பிளாக் ஃபிளாக்: தொடக்க காலமும் உறுப்பினர் மாற்றங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாக் ஃபிளாக் எங்கே, எப்போது உருவானது?

பிளாக் ஃபிளாக், பங்க் எனப்படும் வேகமான, முரட்டுத்தனமான ராக் இசையை வாசித்த குழு. 1976இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெற்கே உள்ள ஹெர்மோசா பீச் என்ற கடற்கரை ஊரில் உருவானது. கிட்டார் வாசித்த கிரெக் ஜின்னும் பாடிய கீத் மோரிஸும் இதைத் தொடங்கினார்கள். அப்போது குழுவின் பெயர் 'பேனிக்'. மக்கள் முன் அவர்கள் முதன்முதலாக வாசித்தது 1977 டிசம்பரில், பக்கத்து ஊரான ரெடோண்டோ பீச்சில்.

1976இல் தொடங்கி 1986இல் கலைந்த அந்தப் பத்தாண்டுகளில் நான்கு பாடகர்களும், அதைவிடக் கூடுதலான டிரம்மர்களும் இக்குழுவில் வந்து போனார்கள். தொடக்கம் முதல் இறுதி வரை இருந்தவர் ஜின் ஒருவரே. ஆகவே, 'எந்த பிளாக் ஃபிளாக்?' என்று கேட்டுக்கொள்ளாமல் இக்குழுவைப் பற்றிப் பேசவே முடியாது. ரசிகர்கள் பெரும்பாலும் 'மோரிஸ் காலம்', 'ரோலின்ஸ் காலம்' என்று பாடகர்களை வைத்தே வரலாற்றைப் பிரிக்கிறார்கள். அது வசதியான பிரிவுதான். ஆனால் இசையை உண்மையில் திசை திருப்பியவை பாடகர் மாற்றங்களைவிட டிரம்ஸிலும் பேஸ் கிட்டாரிலும் நிகழ்ந்த மாற்றங்களே என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே உள்ள பதில்களில் காணலாம்.

கிரெக் ஜின் யார்? இசைக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஜின் 1954இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே அமெச்சூர் வானொலியில் ஈடுபாடு கொண்டிருந்தார். பதின்ம வயதிலேயே, போர்க்காலத்து உபரி வானொலிச் சாதனங்களைச் சீரமைத்து அஞ்சல் வழியாக விற்கும் சிறு தொழில் ஒன்றை எஸ்எஸ்டி என்ற பெயரில் நடத்தினார். பின்னாளில் அமெரிக்கச் சுயாதீன இசையின் மிக முக்கியமான லேபிள்களில் (இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனங்களில்) ஒன்றாக வளர்ந்த எஸ்எஸ்டி ரெக்கார்ட்ஸ் தன் பெயரை இந்தத் தொழிலிலிருந்துதான் பெற்றது.

இந்தப் பின்னணியை அறிந்துகொள்வது பயனுள்ளது. பங்க் என்றாலே ஒழுங்கற்ற, குடித்துவிட்டு வாசிக்கும் இளைஞர்கள் என்ற பொதுவான எண்ணம் ஒன்று உண்டு. ஜின் அதற்கு நேர்மாறானவர். வாரத்தின் பெரும்பாலான நாட்களில், நாளுக்குப் பல மணி நேரம் ஒத்திகை நடத்துவதைக் குழுவின் அடிப்படை விதியாக அவர் வைத்திருந்தார். உறுப்பினர்கள் விலகியதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பலவாக இருந்தாலும், அவற்றில் பலவற்றின் அடியில் இந்த ஒத்திகை விதி இருக்கிறது.

முதல் அணியில் யார் யார் இருந்தார்கள்?

ஜின், மோரிஸ், டிரம்ஸில் பிரையன் மிக்டால். பேஸ் கிட்டாரில்தான் நிலையான ஆள் கிடைக்கவில்லை. ஜின்னின் தம்பியும் ஓவியருமான ரேமண்ட் பெட்டிபோன் ஆரம்பத்தில் சிறிது காலம் வாசித்தார். பின்னர் இக்குழுவின் ஒலிப்பதிவுகளைச் செய்த ஸ்பாட் என்பவரும் அவ்வப்போது ஒத்திகைக்கு வந்து கைகொடுத்தார். பல நாட்களில் பேஸ் இல்லாமலேயே ஒத்திகை நடந்தது.

பேஸ் இல்லாத அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக ஜின் தன் கிட்டாரின் கீழ்த்தந்திகளில் அழுத்தி வாசிக்கப் பழகினார். அவருடைய தனி அடையாளமான கனத்த, கரடுமுரடான கிட்டார் ஒலி உருவானதற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்பதை ரசிகர்கள் எளிதில் கவனிப்பதில்லை.

1977இல் சக் டுகோவ்ஸ்கி பேஸ் வாசிக்க வந்தார். இவருடைய இயற்பெயர் கேரி மெக்டேனியல். அதற்கு முன் 'வூர்ம்' என்ற குழுவில் இருந்தவர். இவர் வந்த பிறகுதான் குழு ஒரு முழு வடிவத்தைப் பெற்றது. பேட்டிகளில் பேசுவது, ஊர் ஊராக நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்வது ஆகிய வேலைகளையும் டுகோவ்ஸ்கி தன் தோளில் ஏற்றுக்கொண்டார்.

'பேனிக்' எப்படி 'பிளாக் ஃபிளாக்' ஆனது?

'பேனிக்' என்ற பெயரில் வேறொரு குழு இருப்பது தெரியவந்ததால் 1978இன் பிற்பகுதியில் பெயரை மாற்றினார்கள். கருப்புக் கொடி என்று பொருள்படும் புதிய பெயரைச் சொன்னவர் பெட்டிபோன். வெள்ளைக் கொடி சரணடைதலைக் குறித்தால் கருப்புக் கொடி அராஜகவாதத்தைக் குறிக்கும் என்பது அவருடைய விளக்கம். அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட பிரபலமான பூச்சிமருந்து ஒன்றுக்கும் அதே பெயர் இருந்தது அவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

உயரம் மாறி மாறி நிற்கும் நான்கு கருப்புச் செங்குத்துப் பட்டைகளாக, காற்றில் அசையும் கொடியைக் காட்டும் சின்னத்தை வரைந்தவரும் பெட்டிபோன்தான். சுவரில் சாயத்தைத் தெளித்து யாரும் சில நொடிகளில் அதைப் போட்டுவிட முடியும் என்பதால், குழுவின் இசையைக் கேட்டிராதவர்கள்கூட லாஸ் ஏஞ்சலஸ் சுவர்களில் அந்தச் சின்னத்தைப் பார்த்திருந்தார்கள். நிகழ்ச்சிகளுக்கான துண்டறிக்கைகளையும் பெரும்பாலான ஆல்பங்களின் அட்டைகளையும் அவரே வரைந்தார். உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருந்த குழுவுக்கு மாறாத ஒரு முகத்தைக் கொடுத்தவை இந்த ஓவியங்களே.

முதல் இசைத்தட்டு எப்படி வெளிவந்தது?

'நெர்வஸ் பிரேக்டவுன்' என்ற நான்கு பாடல்கள் கொண்ட இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய இசைத்தட்டு) 1978 ஜனவரியில் பதிவுசெய்யப்பட்டது. மோரிஸ், ஜின், டுகோவ்ஸ்கி, மிக்டால் ஆகிய நால்வரும் அதில் உள்ளார்கள். அதை வெளியிடுவதாக இருந்த வேறொரு லேபிள் இழுத்தடித்ததால், பொறுமை இழந்த ஜின் தன் எஸ்எஸ்டி பெயரிலேயே அதை வெளியிட்டார். எஸ்எஸ்டி ரெக்கார்ட்ஸின் முதல் இசைத்தட்டு இதுதான்.

நான்கு பாடல்களும் சேர்ந்து ஐந்து நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே வருகின்றன. 'வேஸ்டட்' என்ற பாடல் ஒரு நிமிடம்கூட ஓடாது. மோரிஸின் குரலில் எரிச்சலும் கேலியும் ஒருசேரக் கலந்திருக்கும். பின்னால் வந்தவர்களில் எவருக்கும் அந்தக் கேலி வாய்க்கவில்லை.

இந்த இசைத்தட்டு வெளியான சமயத்தில் மிக்டால் குழுவில் இல்லை. அவருடைய இடத்தில் ரோபோ என்று அழைக்கப்பட்ட ராபர்ட்டோ வல்வேர்டே இருந்தார். கொலம்பியாவைச் சேர்ந்த இவர், கையில் தடித்த வளையங்களை அணிந்துகொண்டே வாசித்தார். ஸ்னேர் டிரம்மில் ஒவ்வொரு அடி விழும்போதும் அந்த வளையங்கள் சேர்ந்து குலுங்கும். பின்னாளில் வந்த 'டேமேஜ்டு' ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தக் கலகலப்பு காதில் விழுவதை உணரலாம்.

பாலிவாக் பூங்கா நிகழ்ச்சி என்று அடிக்கடி குறிப்பிடப்படுவது என்ன?

1979 கோடையில் மன்ஹாட்டன் பீச் ஊரின் பாலிவாக் பூங்காவில், குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடைகளுடன் வந்து அமர்ந்திருந்த ஒரு பொது நிகழ்ச்சியில் பிளாக் ஃபிளாக் வாசித்தது. தாங்கள் வழக்கமான ராக் குழு என்று நகர அதிகாரிகளிடம் சொல்லித்தான் அவர்கள் இடம் பெற்றிருந்தார்கள். வாசிக்கத் தொடங்கியதும் மக்கள் கூடைகளில் இருந்த உணவுப் பொருள்களை எடுத்து மேடையை நோக்கி எறிந்தார்கள். அந்த நிகழ்ச்சியின் புகைப்படங்கள் இன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. மோரிஸ், ஜின், டுகோவ்ஸ்கி, ரோபோ என்ற அணியைப் பற்றிப் பேசுவோர் எவரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஏனென்றால், அந்த அணி அதன்பின் சில மாதங்களே நீடித்தது.

கீத் மோரிஸ் ஏன் விலகினார்?

1979இன் பிற்பகுதியில் அவர் விலகினார். ஓயாத ஒத்திகை, ஜின்னுடன் ஒத்துப்போகாமை, தன் குடிப்பழக்கமும் போதைப் பழக்கமும் ஆகியவற்றை அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உடனடியாக, ரெட் கிராஸ் என்ற பங்க் இசைக்குழுவிலிருந்து வந்த கிட்டார் கலைஞர் கிரெக் ஹெட்சனுடன் சேர்ந்து 'சர்க்கிள் ஜெர்க்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்.

அவர்களுடைய முதல் ஆல்பமான 'குரூப் செக்ஸ்' 1980இல் வந்தபோது, பிளாக் ஃபிளாக் காலத்துப் பாடல்களில் சில அதில் இருந்தன. 'வேஸ்டட்' பாடலும் அவற்றில் ஒன்று. பழைய குழுவினருக்கு இது பிடிக்கவில்லை. 'ஜெலஸ் அகெய்ன்' இ.பி.யில் டுகோவ்ஸ்கி எழுதிய ஒரு பாடல் மோரிஸைக் குறிவைத்தே எழுதப்பட்டது. சண்டையை இசைத்தட்டிலேயே போட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கம் பிறகு நீதிமன்றம் வரை வளர்ந்தது வேறு கதை.

ரான் ரெய்ஸ் நிகழ்ச்சியின் நடுவிலேயே போய்விட்டார் என்பது உண்மையா?

உண்மை. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரெய்ஸ், முதலில் இக்குழுவின் ரசிகர். ரெட் கிராஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். மோரிஸுக்குப் பின் பாடகராக வந்தார். ஹெர்மோசா பீச்சில் கைவிடப்பட்ட தேவாலயம் ஒன்று கலைஞர்கள் தங்கும் இடமாக மாறியிருந்தது. குழு அங்கேதான் ஒத்திகை பார்த்தது, ரெய்ஸ் அங்கேயே ஒரு சிறு மறைவிடத்தில் வசித்தார். லாஸ் ஏஞ்சலஸ் பங்க் இசை பற்றி பெனலோபி ஸ்பீரிஸ் எடுத்து 1981இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அந்த இடத்தையும் இந்த அணியையும் பார்க்கலாம்.

அப்போது நிகழ்ச்சிகளுக்கு வரும் கூட்டத்தின் இயல்பு மாறிக்கொண்டிருந்தது. கடற்கரைப் புறநகர்களிலிருந்து வந்த முரட்டு இளைஞர்கள் மேடையின் முன்னால் மோதிக்கொள்வதையே நிகழ்ச்சியாகக் கருதினார்கள். 1980இன் முற்பகுதியில் ரெடோண்டோ பீச்சில் இருந்த ஃபிளீட்வுட் என்ற அரங்கில், இந்த அடிதடியைப் பொறுக்க முடியாமல் ரெய்ஸ் மேடையை விட்டு இறங்கிப் போனார். குழு நிறுத்தவில்லை. 'லூயி லூயி' என்ற பழைய பாடலை நீட்டி நீட்டி வாசித்துக்கொண்டே, கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

விலகிய பிறகும், 'ஜெலஸ் அகெய்ன்' இ.பி.க்காக அவர் திரும்ப வந்து பாடிக்கொடுத்தார். ஆனால் 1980இல் அது வெளியானபோது அட்டையில் அவருடைய பெயருக்குப் பதிலாக அவமதிப்பான ஒரு புனைபெயரைப் போட்டிருந்தார்கள். இதை நகைச்சுவை என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது சிறுமையாகவே படுகிறது.

டெஸ் கடேனா பாடகராக இருந்து கிட்டாருக்கு ஏன் மாறினார்?

கடேனா 1980இல் பாடகராகச் சேர்ந்தார். இவருடைய தந்தை ஆஸி கடேனா, சவாய் லேபிளில் ஜாஸ் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர். குழுவின் நீண்ட அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள் டெஸ் காலத்தில்தான் தொடங்கின. ஒரு வேனில் கருவிகளையும் ஆட்களையும் அடைத்துக்கொண்டு, பங்க் இசை எட்டியிராத ஊர்களுக்கும் சென்றார்கள். எந்த ஊரில் எந்த அரங்கில் இடம் கிடைக்கும், யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று டுகோவ்ஸ்கி சேர்த்துவைத்த விவரங்களைப் பிறகு பல குழுக்கள் பயன்படுத்திக்கொண்டன.

டெஸ் பாடுவதைவிடக் கத்துவார் என்பதே பொருத்தம். பயிற்சி இல்லாத குரலை வைத்துக்கொண்டு இரவுதோறும் அப்படிப் பாடியதில் அவருடைய தொண்டை தாங்கவில்லை. அவருக்கும் கிட்டார் வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. 1981இல் வெளிவந்த 'சிக்ஸ் பேக்' இ.பி.யிலும் 'லூயி லூயி' சிங்கிளிலும் அவருடைய குரலைக் கேட்கலாம். மூலப் பாடலின் வரிகளை ஒதுக்கிவிட்டு அவர் தன்னிச்சையாகச் சொற்களைப் போட்டுப் பாடியிருக்கும் அந்த 'லூயி லூயி' எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஹென்றி ரோலின்ஸ் எப்படி வந்தார்?

1961இல் வாஷிங்டன் டி.சி.யில் பிறந்த ஹென்றி கார்ஃபீல்ட்தான் ரோலின்ஸ். 'ஸ்டேட் ஆஃப் அலர்ட்' என்ற உள்ளூர்க் குழுவில் பாடிக்கொண்டே, ஹாகன்டாஸ் ஐஸ்கிரீம் கடை ஒன்றின் மேலாளராக வேலை பார்த்தார். 1981இல் பிளாக் ஃபிளாக் நியூயார்க்கில் வாசித்தபோது அதைப் பார்ப்பதற்காக வண்டி ஓட்டிச் சென்றார். விடிந்தால் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், வேலை நேரத்தைப் பற்றிய 'கிளாக்ட் இன்' என்ற பாடலை வாசிக்கும்படி கேட்டார். அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் மேடையில் தாவி ஏறித் தானே அதைப் பாடிவிட்டார்.

சில நாட்களில் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. நியூயார்க்கில் ஒரு ஒத்திகை அறையில் அவர்களுடைய பாடல்களைப் பாடிக்காட்டினார், அங்கேயே தேர்வானார். இளவயது முதல் நண்பரும் 'மைனர் த்ரெட்' குழுவின் பாடகருமான இயன் மெக்கேயிடம் ஆலோசனை கேட்டுவிட்டு வேலையை விட்டார். அந்தச் சுற்றுப்பயணத்தின் மீதி நாட்களில் டெஸ் பாட, ரோலின்ஸ் சாமான்களைத் தூக்குவதும், ஒலிச் சரிபார்ப்பின்போதும் இறுதிப் பாடல்களின்போதும் பாடிப் பழகுவதுமாக இருந்தார். அதே வேளையில் டெஸ் கிட்டாரைப் பழகினார். பாடகர் மாற்றம் இக்குழுவில் மனக்கசப்பு இல்லாமல் நடந்தது இந்த ஒரு முறைதான்.

'டேமேஜ்டு' ஆல்பத்தால் குழு ஏன் முடங்கியது?

ரோலின்ஸ், ஜின், கடேனா, டுகோவ்ஸ்கி, ரோபோ ஆகிய ஐவர் அணி 1981 ஆகஸ்டில் 'டேமேஜ்டு' ஆல்பத்தைப் பதிவுசெய்தது. அட்டைப்படத்தில் ரோலின்ஸ் கண்ணாடியைக் குத்தி உடைத்திருப்பதுபோல் தெரியும். எட் கோல்வர் எடுத்த அந்தப் படத்தில் கண்ணாடி சுத்தியலால் முன்கூட்டியே விரிசல் விடப்பட்டது. கையில் வழியும் இரத்தம், சிவப்பு மையும் காபித்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த கலவை.

ஆல்பத்தை யூனிகார்ன் என்ற நிறுவனம், பெரிய நிறுவனமான எம்.சி.ஏ. வழியாக விநியோகிக்க ஒப்பந்தம் ஆகியிருந்தது. எம்.சி.ஏ. விநியோகப் பிரிவின் தலைவர் அல் பெர்காமோ இதைக் கேட்டுவிட்டு, ஒரு தகப்பன் என்ற முறையில் இது பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டு என்று கூறி மறுத்துவிட்டார். அவருடைய அந்தக் கூற்றையே ஸ்டிக்கராக அச்சிட்டு, எம்.சி.ஏ. சின்னத்தின் மேல் ஒட்டி விற்றார்கள்.

சிரிப்பு அத்துடன் நின்றது. யூனிகார்னுடன் எழுந்த வழக்கில், பிளாக் ஃபிளாக் என்ற பெயரில் புதிதாக எதையும் வெளியிடக் கூடாது என்று தடை வந்தது. ஜின்னும் டுகோவ்ஸ்கியும் பழைய பதிவுகளைத் திரட்டி, குழுவின் பெயரைப் போடாமல் உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் போட்டு 'எவ்ரிதிங் வென்ட் பிளாக்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார்கள். நீதிமன்றம் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. இருவரும் ஐந்து நாட்கள் சிறையில் இருந்தார்கள். 1983இல் யூனிகார்ன் திவாலான பிறகே அவர்கள் பெயர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இத்தனை டிரம்மர்கள் ஏன்?

முதல் காரணம் குடிவரவுச் சட்டம். 1981 டிசம்பரில் குழு பிரிட்டனுக்குச் சென்றது. திரும்பும்போது விசா சிக்கலால் ரோபோ அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்படவில்லை. வேறு எந்தச் சண்டையும் இல்லாமல், ஒரு விமான நிலைய மேசையில் அந்த அணி முடிந்துபோனது. (ரோபோ பின்னர் 'மிஸ்ஃபிட்ஸ்' குழுவில் வாசித்தார்.)

அடுத்து நடந்தவை வேகமானவை. 'டிசென்டன்ட்ஸ்' குழுவின் பில் ஸ்டீவன்சன் சில நிகழ்ச்சிகளுக்கு உதவினார். 1982இல் எமில் ஜான்சன் வந்தார். 'டிவி பார்ட்டி' இ.பி.யில் வாசித்தது அவர். அதே ஆண்டில் கனடாவின் 'டி.ஓ.ஏ.' குழுவிலிருந்து சக் பிஸ்கிட்ஸ் வந்தார். இவர் இருந்த சில மாதங்களில் பதிவான மாதிரிப் பாடல்கள், மேற்சொன்ன தடையின் காரணமாக முறையாக வெளிவரவில்லை. திருட்டுப் பதிப்புகளாகவே சுற்றிவந்தன. அந்தப் பதிவுகளைக் கேட்டவர்களில் பலர், குழுவின் மிக வலிமையான அணி இதுதான் என்று வாதிடுகிறார்கள். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது: ஐந்து பேர், இரண்டு கிட்டார், அவற்றின் அடியில் இடியென விழும் பிஸ்கிட்ஸின் டிரம்ஸ். 1983இல் ஸ்டீவன்சன் நிரந்தரமாகச் சேர்ந்தார்.

ஒவ்வொரு புதிய டிரம்மருக்கும் எல்லாப் பாடல்களையும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததைக் கவனிக்க வேண்டும். அப்படிக் கற்பிக்கும்போதெல்லாம் ஜின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். ஸ்டீவன்சன் மிக வேகமாக வாசிப்பவர் என்று பெயர் பெற்றவர். அவரை மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு வாசிக்கப் பழக்குவதற்காக இருவரும் நாள்தோறும் மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்தார்கள். 1984இல் குழுவின் இசை திடீரென்று மந்தமாகிக் கனத்துவிட்டதாக ரசிகர்கள் அதிர்ந்தார்களே, அந்த மாற்றம் உருவானது இந்த ஒத்திகைகளில்தான். அதற்குள் ரோலின்ஸ் வந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

சக் டுகோவ்ஸ்கி தானாக விலகினாரா, விலக்கப்பட்டாரா?

விலக்கப்பட்டார் என்று சொல்வதே சரி. மெதுவான தாளத்தில் டுகோவ்ஸ்கியின் வாசிப்பு தான் விரும்பியபடி ஒட்டவில்லை என்று ஜின் கருதினார். ஆனால் குழுவின் முதுகெலும்பாக இருந்தவரிடம் அதை நேரடியாகச் சொல்லத் தயங்கினார். நிலைமை மாதக்கணக்கில் இழுபட்டு, இறுதியில் ரோலின்ஸே அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. 1983இல் டுகோவ்ஸ்கி மேடையை விட்டு இறங்கினார். ஆனாலும் எஸ்எஸ்டியிலேயே இருந்து குழுவின் நிகழ்ச்சி ஏற்பாடுகளைத் தொடர்ந்து கவனித்தார். 'மை வார்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் அவர் எழுதியதே. தான் இல்லாத குழுவுக்காக, தன் பாடல் தலைப்பாக அமைந்த ஆல்பத்தோடு ஊர் ஊராக நிகழ்ச்சிகளை அவரே ஏற்பாடு செய்துகொடுத்தார்.

அதே ஆண்டில் டெஸ் கடேனாவும் வெளியேறி 'டிசி3' என்ற தன் குழுவைத் தொடங்கினார்.

'மை வார்' ஆல்பத்தில் பேஸ் வாசித்த டேல் நிக்சன் யார்?

அப்படி ஒருவர் இல்லை. பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் ஜின் தானே வாசித்துவிட்டு, அட்டையில் அந்தப் புனைபெயரைப் போட்டார். 1984 மார்ச்சில் வெளிவந்த அந்த ஆல்பத்தில் கருவி வாசித்தவர்கள் ஜின்னும் ஸ்டீவன்சனும் மட்டுமே. இரண்டாம் பக்கத்தில் உள்ள மூன்று பாடல்களும் ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்திற்கு மேல் ஓடுபவை. ஒரு நிமிடத்திற்குள் முடியும் பாடலோடு தொடங்கிய குழு இது என்பதை நினைத்துப் பார்த்தால், பங்க் ரசிகர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது புரியும். அந்தப் பக்கத்தையே வேதமாகக் கொண்டு பின்னாளில் மெதுவான, கனத்த இசையை உருவாக்கிய குழுக்களும் உண்டு.

கிரா ரோஸ்லரின் பங்கு என்ன?

கிரா ரோஸ்லர் 1983இன் இறுதியில் பேஸ் வாசிக்க வந்தார். 'ஸ்க்ரீமர்ஸ்' குழுவின் பால் ரோஸ்லரின் தங்கை. அப்போது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பையும் விடாமல் சுற்றுப்பயணங்களையும் விடாமல், கையில் ஏற்பட்ட காயத்தோடும் வாசித்தார்.

பெண் என்பதாலேயே இவரைத் தனியாகக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது; அது அவருடைய வாசிப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். டுகோவ்ஸ்கி தந்திகளைத் தாக்குவார். கிரா டிரம்ஸோடு கோத்து, அடித்தளத்தைச் சீராக நிறுத்துவார். ஜின் கிட்டாரில் எங்கே வேண்டுமானாலும் அலைந்துவிட்டுத் திரும்பிவர முடிந்தது அந்த அடித்தளத்தினால்தான். 'ஸ்லிப் இட் இன்', 'லூஸ் நட்', 'இன் மை ஹெட்' ஆகிய ஆல்பங்களிலும், பாடும் குரலே இல்லாத 'தி ப்ராசஸ் ஆஃப் வீடிங் அவுட்' இ.பி.யிலும் இதைத் தெளிவாகக் கேட்கலாம். ஸ்டீவன்சனும் கிராவும் 1985இல் வெளியேறினார்கள். கிரா பின்னர் பேஸ் கலைஞர் மைக் வாட்டுடன் இரண்டு பேஸ் கிட்டார்கள் கொண்ட 'டோஸ்' என்ற குழுவை நடத்தியதோடு, திரைப்பட ஒலித் தொகுப்பாளராகவும் பெயர் பெற்றார்.

குழு எப்படி முடிந்தது?

டிரம்ஸில் அந்தோணி மார்ட்டினெஸ், பேஸில் செல் ரெவுவெல்டா என்ற கடைசி அணியோடு 1986 ஜூன் 27 அன்று டெட்ராய்ட் நகரில் கடைசியாக வாசித்தார்கள். சில வாரங்களுக்குப் பிறகு ஜின் ரோலின்ஸைத் தொலைபேசியில் அழைத்து, தான் குழுவிலிருந்து விலகுவதாகச் சொன்னார். குழுவே அவருடையது என்பதால், அந்தச் செய்தி ரோலின்ஸுக்கு விசித்திரமாக இருந்தது.

2013இல் இரண்டு பிளாக் ஃபிளாக் குழுக்கள் இருந்தனவா?

ஏறத்தாழ அப்படித்தான். மோரிஸ், டுகோவ்ஸ்கி, ஸ்டீவன்சன், கடேனா ஆகிய பழைய உறுப்பினர்களும், 'டிசென்டன்ட்ஸ்' கிட்டார் கலைஞர் ஸ்டீபன் எகர்ட்டனும் சேர்ந்து 'ஃபிளாக்' என்ற பெயரில் பழைய பாடல்களை வாசித்தார்கள். ஜின் அதே ஆண்டில் ரான் ரெய்ஸைத் திரும்ப அழைத்து பிளாக் ஃபிளாக்கை மீண்டும் தொடங்கினார். பெயர் குறித்து ஜின் வழக்குத் தொடுத்து, 'ஃபிளாக்' குழுவுக்கு இடைக்காலத் தடை கேட்டார், நீதிமன்றம் மறுத்தது. ரெய்ஸ் இம்முறையும் நிகழ்ச்சியின் நடுவிலேயே வெளியேறினார், ஆனால் தானாக அல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஸ்கேட்போர்டு வீரர் மைக் வாலெலி மேடைக்கு வந்து ரெய்ஸ் நீக்கப்பட்டதைச் சொல்லி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். பின்னர் வாலெலியே பாடகரானார்.

நான்கு பாடகர்களையும் ஒப்பிட்டுக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

'எவ்ரிதிங் வென்ட் பிளாக்' இரட்டை இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். 'டிப்ரெஷன்', 'போலீஸ் ஸ்டோரி', 'கிம்மி கிம்மி கிம்மி' ஆகிய மூன்று பாடல்களையும் மோரிஸ், ரெய்ஸ், கடேனா மூவரும் தனித்தனியே பாடிய பதிவுகள் அதில் உள்ளன. கடைசிப் பக்கம் முழுவதும் நிகழ்ச்சிகளுக்கான வானொலி விளம்பரங்கள். அதே மூன்று பாடல்களின் ரோலின்ஸ் வடிவம் 'டேமேஜ்டு' ஆல்பத்தில் இருக்கிறது. மோரிஸின் பதிவுக்கு அட்டையில் புனைபெயர் போடப்பட்டிருக்கும், ரெய்ஸுக்கும் அப்படியே, குழம்ப வேண்டாம். முதல் முறை குரலைக் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை ரோபோவின் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பிறகு 'மை வார்' இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். பாடுபவர் 'டேமேஜ்டு' ஆல்பத்தில் பாடிய அதே ரோலின்ஸ்தான்.